‘ஸ்டாப்’ என்னும் ஆங்கிலச் சொல்: அடைத்தலிலிருந்து நிற்றலுக்கு

ஆய்வுச்சுருக்கம்

ஆங்கிலத்தில் மிகப் பரவலாக வழங்கும் வினைகளுள் ஒன்று ‘ஸ்டாப்’. தமிழ் வகுப்பறைகளில் இதற்கு முதலில் சொல்லப்படும் பொருள் ‘நிறுத்து’ என்பதே. ஆயினும் இச்சொல்லின் வரலாற்றில் நிற்றல், நிறுத்தல் என்னும் பொருள்கள் பின்னர் வந்தவை. துளையை நார் திணித்து அடைத்தல் என்பதே இதன் முதற்பொருள். இம்முதற்பொருள் ஒலியியல், இசை, சட்டம், பல் மருத்துவம், ஒளிப்படக்கலை ஆகிய துறைகளின் கலைச்சொற்களில் இன்றும் உயிரோடு இருக்கிறது. தமிழில் ‘அடை’, ‘தடு’, ‘நில்’ என மூன்று வினைகள் பகிர்ந்துகொள்ளும் பொருட்பரப்பை ஆங்கிலத்தின் ஒரே சொல் எவ்வாறு தனதாக்கிக்கொண்டது என்பதையும், அதனை அறியாமல் செய்யப்படும் பெயர்ப்பு கலைச்சொல்லாக்கத்தில் விளைக்கும் இடர்களையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: சொற்பிறப்பியல், பொருண்மை மாற்றம், ஆகுபெயர், அடைப்பொலி, கலைச்சொல்லாக்கம்

நிற்றலைக் குறிக்கும் வழிகள்

இயக்கம் ஓய்வதைக் குறிக்கும் சொல்லை நிற்றல் என்னும் கருத்திலிருந்து ஆக்கிக்கொள்வது பல மொழிகளில் காணப்படும் இயல்பு. நடப்பவன் நடை ஒழிந்தால் நிற்பான். ஆதலின் ‘நில்’ என்பது ஓய்தலையும் குறிக்கிறது. தமிழில் ‘நில்’ தன்வினை. ‘நிறுத்து’ அதன் பிறவினை. மலையாளமும் கன்னடமும் இவ்வேரையே இப்பொருளில் வழங்குகின்றன. இலத்தீனில் நிற்றலைக் குறிக்கும் ‘ஸ்தாரே’ என்னும் வினையோடு உறவுடைய ‘சிஸ்தெரே’ என்பது நிறுத்துதலைக் குறித்தது. ஆங்கிலத்தின் ‘டெசிஸ்ட்’ இதன் வழியே வந்தது. ‘அரெஸ்ட்’ என்பதிலும் ‘ஸ்தாரே’யின் வேர் மறைந்துள்ளது. ‘ஹால்ட்’ என்பது பிடித்துக்கொள் என்று பொருள்படும் ஜெர்மானிய ஏவலிலிருந்து படைத்துறை வழியாக வந்த சொல்.

ஆங்கிலத்திலும் பழங்காலத்தில் ‘ஸ்டாண்ட்’ என்பதே இப்பணியைச் செய்தது. வழிப்பறிக்காரர்கள் பயணியரை மறித்துச் சொன்னதாகப் புகழ்பெற்ற கட்டளை ‘ஸ்டாண்ட்’ என்றே தொடங்குகிறது. ‘ஸ்டாண்ட்ஸ்டில்’ என்னும் கூட்டுச்சொல்லில் அப்பொருள் இன்றும் எஞ்சி நிற்கிறது. இவற்றோடு ஒப்பிடும்போது ‘ஸ்டாப்’ தனித்து விளங்குகிறது. அதன் வேரில் நிற்றலும் இல்லை, பிடித்தலும் இல்லை. அங்கே இருப்பது ஒரு கைப்பிடி நார்.

நாரும் துளையும்

ஆளிச்செடியின் தண்டை ஊறவைத்து, அடித்து, சீவி எடுக்கும் நீண்ட மெல்லிழை ஆடைக்குப் பயன்படும். சீவும்போது கழியும் குறுகிய, முரட்டுச் சிக்குநார் வேறு பணிகளுக்குச் செல்லும். இக்கழிவு நாரைக் கிரேக்கர் ‘ஸ்துப்பே’ என்றனர். உரோமர் அச்சொல்லைக் கடன்பெற்று ‘ஸ்துப்பா’ என்றனர். கயிறு திரிக்கவும், விளக்குத்திரி செய்யவும், கப்பற்பலகைகளின் இடுக்குகளில் திணித்து நீர் புகாமல் அடைக்கவும் அது பயன்பட்டது. உரோமின் துறைமுகமான ஓஸ்தியாவில் ‘ஸ்துப்பாதோரெஸ்’ எனப்பட்ட இந்நார்த் தொழிலாளர்க்குத் தனிக் குழுமமே இருந்தமையைக் கல்வெட்டுச் சான்று காட்டுகிறது. ஒரு துறைமுக நகரின் வாழ்வில் இந்நார் எத்துணை இன்றியமையாததாக இருந்தது என்பதை இதனால் உணரலாம்.

இப்பெயர்ச்சொல்லிலிருந்து ‘நார் திணித்து அடை’ என்று பொருள்படும் ‘ஸ்துப்பாரே’ என்னும் வினை பேச்சு இலத்தீனில் உருவாகியிருக்க வேண்டும் என்று சொற்பிறப்பியலார் மீட்டுருவாக்கம் செய்கின்றனர். செவ்வியல் இலத்தீன் நூல்களில் இவ்வினை இடம்பெறவில்லை. ஆயினும் இத்தாலியத்தின் ‘ஸ்தொப்பாரே’, பழைய பிரெஞ்சின் ‘எஸ்தோப்பேர்’ ஆகியவை இதனை உறுதிப்படுத்துகின்றன. ஜெர்மானிய மக்கள் உரோமரோடு கொண்ட தொடர்பால் இவ்வினை மேற்கு ஜெர்மானிய மொழிகளில் புகுந்தது என்பது பெரும்பான்மையோர் ஏற்கும் கருத்து.

இக்கருத்துக்குத் துணைசெய்யும் ஒலியியற் சான்று கருதத்தக்கது. ஜெர்மன் மொழியில் இச்சொல் ‘ஸ்டோப்ஃபென்’ என்று வழங்குகிறது. பழைய உயர் ஜெர்மனில் பகர ஒலி ‘ப்ஃ’ என மாறிய ஒலிமாற்றத்திற்கு இச்சொல்லும் ஆட்பட்டுள்ளது. எனவே கடன்சொல் எனின், அம்மாற்றம் நிகழும் முன்பே இது ஜெர்மானியரை அடைந்திருத்தல் வேண்டும். மிளகைக் குறிக்கும் ‘பிபெர்’ என்னும் இலத்தீன் சொல் (இந்தியாவின் ‘பிப்பலீ’, அதாவது திப்பிலி, கிரேக்கத்தின் வழியே மேற்கே சென்ற வடிவம்) ஜெர்மனில் ‘ப்ஃபெஃபெர்’ ஆனதும் இவ்வாறே. நாரும் மிளகும் ஒரே வணிக உலகின் வழியே வடக்கே சென்றன என்று கருத இடமுண்டு.

மாற்றுக்கருத்தும் இல்லாமல் இல்லை. இச்சொற்குடும்பம் முழுவதும் ஜெர்மானியத்தின் சொந்த வேரிலிருந்து தோன்றியிருக்கலாம் என அகராதியியலார் சிலர் கருதுகின்றனர். இரு தரப்பாரும் முதற்பொருள் அடைத்தலே என்பதில் மாறுபடவில்லை. கப்பற்பலகைகளுக்கு இடையே நார் திணிக்கும் தொழிலோடு பொருள் இத்துணை இயல்பாகப் பொருந்துவதால், இலத்தீன் வழிக் கருத்தே வலிமையுடையதாகத் தோன்றுகிறது.

பொருள் நகர்ந்த பாதை

பழைய ஆங்கிலத்தில் இவ்வினை தனித்து வழங்கியதற்குச் சான்று இல்லை. ‘ஃபோர்ஸ்டோப்பியன்’ என்னும் முன்னொட்டுடைய வடிவமே கிடைக்கிறது. அது காணப்படும் இடம் ஒரு மருத்துவக் குறிப்பு. மருந்திட்ட காதைக் கம்பளி மயிரால் அடைக்கச் சொல்லும் அறிவுரை. நிற்பதற்கும் இதற்கும் எவ்வகைத் தொடர்பும் இல்லை.

இடைக்கால ஆங்கிலத்தில் காதை அடைத்தல், ஓட்டையை அடைத்தல், காயத்தின் குருதியை அடைத்தல், வழியை அடைத்தல் என இவ்வினையின் செயப்படுபொருள்கள் பெருகின. இவற்றுள் கடைசி இரண்டும் கூர்ந்து நோக்கத்தக்கவை. காயத்தை அடைத்தால் குருதி நிற்கும்; வழியை அடைத்தால் வருபவன் நிற்பான். அடைக்கப்படுவது ஒன்று, நிற்பது மற்றொன்று. நாளடைவில் இவ்வினை அடைக்கப்படும் பொருளை விட்டு, அதனால் நிற்கும் பொருளைச் செயப்படுபொருளாகக் கொள்ளத் தொடங்கியது. வழியை ‘ஸ்டாப்’ செய்தவர் பின்னர் வழிப்போக்கனையே ‘ஸ்டாப்’ செய்தார். 15ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியளவில் ‘இயக்கத்தை ஓயச்செய்’ என்னும் பொருள் தெளிவாகத் தோன்றிவிட்டது. பின்னர்ச் செயப்படுபொருள் இன்றியும் வழங்கி, தானே நிற்பதையும் குறித்தது. ஓரிடத்தில் சிறிதுகாலம் தங்குதல் என்னும் பொருள் இவற்றிற்கும் பின்னையது.

காரணத்தைக் குறித்த சொல் காரியத்தைக் குறிப்பதாயிற்று என்று இதனைச் சுருங்கச் சொல்லலாம். நன்னூல் கூறும் கருவியாகுபெயர் பெயர்ச்சொல்லுக்கு உரியது. இங்கு நிகழ்ந்ததோ வினைச்சொல்லில். ஆயினும் பொருள் இடம்பெயரும் முறை அதனோடு ஒத்ததே.

தமிழில் இந்நகர்வு நிகழவில்லை. மடையை அடைத்தால் நீர் நிற்கும் என்று கூறும்போது காரணத்திற்கு ஒரு வினையும் காரியத்திற்கு மற்றொரு வினையும் வருகின்றன. ‘மாரடைப்பு’ என்னும் சொல் இவ்வேறுபாட்டின் அருமையை நன்கு காட்டும். இதயத்திற்குக் குருதி கொண்டுசெல்லும் நாளம் அடைபடுவது மாரடைப்பு. இதயத்துடிப்பே ஓய்வது வேறொரு நிலை. முன்னது பின்னதற்குக் காரணமாகலாம். ஆயினும் இரண்டும் ஒன்றல்ல. செய்தித்தாள்கள் இவற்றை மயக்கி எழுதினாலும், ‘அடைப்பு’ என்னும் சொல் தன்னளவில் தெளிவாகவே உள்ளது. இரண்டிற்கும் இடையே ‘தடு’ என்னும் வினையும் உண்டு. காசோலைக்குப் பணம் கொடாதவாறு வங்கிக்கு எழுதும்போது ஆங்கிலத்தில் ‘ஸ்டாப்’ என்பர். அங்கே நிகழ்வது தடுத்தல். அடைத்தல், தடுத்தல், நிறுத்தல் என்னும் மூன்று படிகளும் ஆங்கிலத்தில் ஒரு சொல்லுக்குள் அடங்கிவிட்டன.

ஏனைய மொழிகளில் எஞ்சியவை

இப்பொருள் நகர்வு முதலில் ஆங்கிலத்திற்கே உரியதாக இருந்தது என்பதற்கு அதன் உறவுமொழிகளே சான்று. ஜெர்மன் ‘ஸ்டோப்ஃபென்’ இன்றும் திணித்தலையும், காலுறையின் ஓட்டையை நூலால் நிரப்பித் தைத்தலையும் குறிக்கிறது. ‘ஃபெர்ஸ்டோப்ஃபுங்’ என்றால் மலச்சிக்கல். நிறுத்துதலைக் குறிக்க ஜெர்மானியர் வழங்கும் ‘ஸ்டோப்பென்’ என்பது தாழ்ஜெர்மன் வடிவம். ‘ப்ஃ’ மாற்றம் அதில் இல்லாமையே அதன் பிறப்பிடத்தைக் காட்டிக்கொடுக்கிறது. அதன் இன்றைய பொருளில் ஆங்கிலத்தின் செல்வாக்கு உண்டு.

பிரெஞ்சின் நிலை இன்னும் சுவையானது. அங்கு ‘ஸ்தொப்பே’ என்னும் ஒரே வடிவத்தில் இரு வினைகள் உள. ஒன்று ஆங்கிலத்திலிருந்து வந்த நிறுத்துதல். மற்றொன்று கிழிந்த துணியைத் தையல் தெரியாமல் இழையோட்டி நிரப்புதல். மார்செல் துஷாம்ப் 1913–14இல் படைத்த கலைப்பொருளின் தலைப்பிலுள்ள ‘ஸ்தொப்பாழ்’ என்னும் சொல் இவ்விழையோட்டத்தையும் நினைவூட்டுவது. நாரில் தொடங்கிய சொல் மீண்டும் இழைக்கே வந்தது போலும்.

20ஆம் நூற்றாண்டில் சாலைப் போக்குவரத்தின் வழியாக ஆங்கிலப் பொருள் உலகெங்கும் பரவியது. பிரான்சின் சாலைக் குறிப்பலகைகளில் ‘ஸ்டாப்’ என்றே எழுதப்படுகிறது. பிரெஞ்சு பேசும் கனடாவின் கியூபெக் மாநிலத்திலோ அவ்விடத்தில் பிரெஞ்சுச் சொல்லான ‘அரே’ என்பதே பெரிதும் காணப்படுகிறது. ஆங்கிலத்தின் நெருக்கம் மிகுந்த இடத்தில் சொந்தச் சொல்லைப் பற்றிக்கொள்ளும் வேட்கையும் மிகுதியாவது இயல்பே.

துறைச்சொற்களில் வாழும் முதற்பொருள்

பொதுவழக்கில் மறைந்த பொருள் துறைவழக்கில் நீடிப்பதற்கு ‘ஸ்டாப்’ சிறந்த எடுத்துக்காட்டு. பல்லின் சொத்தையை அடைத்தலைப் பிரித்தானியர் ‘ஸ்டாப்பிங்’ என்று வழங்கினர். ‘ஸ்டாப்பர்’ என்பது புட்டியின் அடைப்பான். ‘ஸ்டாப்கேப்’ என்பதன் சொற்பொருள் இடைவெளியை அடைப்பது; தற்காலிக ஏற்பாடு என்னும் பொருள் அதன் வழியே வந்தது.

இசையில் இச்சொல் பல முகங்கள் கொண்டது. குழற்கருவியில் விரலால் அடைக்கப்படும் துளையே ‘ஸ்டாப்’. ‘ஹாம்லெட்’ நாடகத்தில் இளவரசன் ஒரு குழலைக் காட்டி, தன்னை இசைக்க முயல்வோனை இடித்துரைக்கும் காட்சியில் இச்சொல் இப்பொருளிலேயே வருகிறது. ‘நிறுத்தங்கள்’ என்று பெயர்த்தால் அக்காட்சியின் உருவகமே சிதையும். தேவாலயங்களிலுள்ள பெரிய குழாய் ஆர்கனில் ஒரு குமிழை உள்ளே தள்ளினால் அதற்குரிய குழாய் வரிசைக்குக் காற்று அடைபடும். வெளியே இழுத்தால் திறக்கும். ஆகவே எல்லா ‘ஸ்டாப்’களையும் இழுத்துவிடுதல் என்னும் ஆங்கில மரபுத்தொடர், நிறுத்துதலுக்கு நேர்மாறாக, முழு ஆற்றலையும் செலவிடுதலைக் குறிக்கிறது. மாத்யூ ஆர்னால்டு 1865இல் வெளியிட்ட கட்டுரைத் தொகுப்பின் முன்னுரையில் இவ்வுருவகத்தை ஆங்கிலேயரின் மனப்பாங்கைச் சுட்டக் கையாண்டார். அடைப்பு என்னும் பொருளை அறியாதார்க்கு இத்தொடர் முரணாகவே தோன்றும்.

ஒளிப்படக்கருவியில் வில்லையின் வழியே வரும் ஒளியின் ஒரு பகுதியை மறைக்கத் துளையிட்ட தகடுகள் செருகப்பட்டன. 1858இல் ஜான் வாட்டர்ஹவுஸ் அமைத்த இத்தகைய தகடுகள் அவர் பெயராலேயே வழங்குகின்றன. ஒளியை அடைத்த தகட்டின் பெயர் பின்னர் அளவையின் பெயராயிற்று. இன்று ஒரு ‘ஸ்டாப்’ என்றால் ஒளியின் அளவு இருமடங்காதல் அல்லது பாதியாதல். இங்கே இதனை ‘நிறுத்தம்’ என்று தமிழாக்குவது பொருளற்றது. ‘ஒளிப்படி’ போன்றதொரு சொல் அதன் இன்றைய பணிக்குப் பொருந்தும்.

சட்டத்துறையின் ‘எஸ்டாப்பெல்’ பழைய பிரெஞ்சின் ‘எஸ்தோப்பேர்’ வழியே வந்தது. ஒருவர் தம் சொல்லாலோ செயலாலோ பிறரை ஒன்றை நம்பச்செய்து, அந்நம்பிக்கையின்பேரில் அவர் செயற்பட்டபின், அதனை மறுத்துரைக்க இயலாதவாறு சட்டம் தடுப்பதே இக்கோட்பாடு. 17ஆம் நூற்றாண்டில் எட்வர்டு கோக் இச்சொல்லை விளக்குகையில், ஒருவரின் செயலே அவர் வாயை அடைத்துவிடுகிறது என்னும் கருத்தைத் தந்தார். இந்தியச் சாட்சியச் சட்டத்தின் (1872) 115ஆம் பிரிவில் இடம்பெற்ற இக்கோட்பாடு, 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய சாக்ஷிய அதிநியமத்தின் 121ஆம் பிரிவில் தொடர்கிறது. ‘வாயடைத்துப் போனான்’ என்னும் தமிழ் வழக்கை அறிந்த மாணவனுக்கு இக்கோட்பாட்டின் உட்கருத்து எளிதில் விளங்கும். நிறுத்தல் என்னும் சொல் அவனுக்கு உதவாது.

வல்லினமும் அடைப்பொலியும்

தமிழ் ஆய்வாளர் இச்சொல்லை மிகுதியும் எதிர்கொள்ளும் இடம் ஒலியியல். காற்று வெளியேறும் வழியை வாயில் ஓரிடத்தில் முழுவதும் அடைத்து எழுப்பும் மெய்யொலியை ஆங்கிலத்தில் ‘ஸ்டாப்’ என்பர். மொழியியல் நூல்களில் இதற்கு அடைப்பொலி, தடையொலி, வெடிப்பொலி என்னும் பெயர்கள் வழங்குகின்றன. இவற்றுள் ‘வெடிப்பொலி’ அடைப்பு விடுபடும் நிலையை முதன்மைப்படுத்துகிறது. ஆனால் அடைப்பு விடுபடாமலேயே முடியும் ஒலிகளும் மொழிகளில் உண்டு. ஆகவே அடைத்தலை மட்டும் சுட்டும் ‘அடைப்பொலி’யே மூலச்சொல்லுக்கு மிக நெருங்கியது. சொற்பிறப்பு நோக்கிலும் அது செம்மையான பெயர்.

இப்பெயரின் பயன் மெல்லினத்தில் விளங்கும். பகர மகரங்கள் இரண்டும் இதழ்கள் இயைவதால் பிறப்பவை எனத் தொல்காப்பியம் ஒருங்குவைத்து உரைக்கிறது. மகரத்தை ஒலிக்கும்போது வாய்வழி அடைபட்டிருக்க, காற்று மூக்கின் வழியே தொடர்ந்து செல்கிறது. இதனையும் ‘ஸ்டாப்’ வகையுள் சேர்க்கும் ஒலியியலார் உளர். ‘நிறுத்தம்’ என்னும் பொருளில் இது முரண். ஒலி நிற்கவே இல்லை. ‘அடைப்பு’ என்னும் பொருளில் முரண் இல்லை. வாய் அடைபட்டே இருக்கிறது.

மறுபுறம், வல்லினத்தையும் அடைப்பொலியையும் ஒன்றெனக் கொள்வதும் பிழை. ‘பக்கம்’ என்பதன் ககரத்தில் நாவின் பின்பகுதி அண்ணத்தை முழுவதும் அடைக்கிறது. ‘பகல்’ என்பதில் பொதுவாக அவ்வாறு அடைப்பதில்லை, காற்று உரசிச் செல்கிறது. எழுத்து ஒன்று, ஒலிப்பு வேறு. றகரத்தின் நிலையும் கருதற்குரியது. ‘காற்று’ என்பதன் இரட்டித்த றகரம் இலங்கைத் தமிழில் நுனியண்ண அடைப்பொலியாகவே இன்றும் ஒலிக்கிறது. தமிழகத்தின் பெரும்பகுதியில் அவ்வொலிப்பு மாறிவிட்டது. வல்லினம் என்பது இலக்கண வகைப்பாடு. அடைப்பொலி என்பது ஒலிப்பு முறையின் பெயர். முன்னதைப் பின்னதன் மொழிபெயர்ப்பாகக் கையாளும் ஆய்வேடுகள் தரவுகளைத் தவறாக வகைப்படுத்த நேரும்.

நிறுத்தக்குறியும் பேருந்து நிறுத்தமும்

நிற்றற்பொருளே பொருந்தும் இடங்களும் உள. வாக்கியத்தின் முடிவைக் காட்டும் ‘ஃபுல் ஸ்டாப்’ 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் வழக்கிலிருந்தது. அச்சுக்கலையோடு தமிழில் நிலைபெற்ற இக்குறிக்கு ‘முற்றுப்புள்ளி’ என்று பெயரிட்டோர் மூலச்சொல்லைப் பெயர்க்காமல் குறியின் பணியையும் வடிவையும் கண்டு பெயரிட்டனர். தந்தியில் குறிகள் தவறவோ மயங்கவோ கூடும் என்பதால் ‘ஸ்டாப்’ என்னும் சொல்லே எழுத்தில் அனுப்பப்பட்டது. இந்தியாவில் தந்திச்சேவை 2013 ஜூலையில் முடிவுற்றது.

வினை வடிவில் ஆங்கிலம் தன்வினை, பிறவினை என்னும் வேறுபாட்டைக் காட்டுவதில்லை. சாலைக் குறிப்பலகையிலுள்ள ‘ஸ்டாப்’ ஓட்டுநரை நிற்கச் சொல்கிறதா, வண்டியை நிறுத்தச் சொல்கிறதா என்பது அச்சொல்லால் விளங்காது. ‘நில், கவனி, செல்’ என்று எழுதிய தமிழர் தன்வினையைத் தேர்ந்தனர். ஆங்கிலத்தில் ‘ஸ்டாப்’ என்பதை அடுத்து வரும் வினையின் வடிவைக்கொண்டே ‘புகைப்பதை நிறுத்தினார்’, ‘புகைப்பதற்காக நின்றார்’ என்னும் இரு பொருள்களும் பிரிகின்றன. தமிழ் மாணவர் இவற்றை மயக்குவது கவனக்குறைவால் மட்டுமன்று. தாய்மொழி இரு வினைகளால் உணர்த்துவதை ஆங்கிலம் ஒரு வினையால் உணர்த்த முயல்வதே அதற்குக் காரணம். இவ்விடத்தில் விதியை மனனம் செய்விப்பதைவிட, ‘நில்’, ‘நிறுத்து’ என்னும் வேறுபாட்டிலிருந்து தொடங்குவது ஆசிரியர்க்கு எளிது.

தமிழகப் பேச்சுவழக்கு இச்சொல்லைத் தன் போக்கில் வளைத்துக்கொண்டுள்ளது. பேருந்து நிற்குமிடத்தைப் பலர் ‘ஸ்டாப்பிங்’ என்கின்றனர். பிரித்தானியப் பல் மருத்துவர்க்கு அச்சொல் வேறொன்றை நினைவூட்டியிருக்கும். பேருந்துகள் புறப்படும் பெரிய வளாகமோ ‘ஸ்டாண்ட்’. ஆங்கிலத்தில் முன்னதன் வேர் நாரில், பின்னதன் வேர் நிற்றலில், ஒன்றோடொன்று உறவற்றவை. எழுத்துத் தமிழில் அவை ‘நிறுத்தம்’, ‘நிலையம்’ என ‘நில்’ என்னும் ஒரே வேரின் இரு கிளைகளாகிவிட்டன.